பாதி குரங்கு வைரஸ், பாதி ஹெச்ஐவி: இந்த ஒட்டு எதற்கு?

செவிலி_கொழிஞ்சாம்பாறை
ஞாயிறு காலை 6.40

நைட் டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை. ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

மூன்று வருடத்துக்கு முன் வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். ஒரு நோயாளிக்குக் கானுலா போட்டுவிட்டு ஊசியை ஷார்ப்ஸ் டப்பாவில் போடத் திரும்பும்போது அவர் வலியில் கையை உதறினார். ஊசி என் இடது பெருவிரலில் ஏறிவிட்டது. கிளவுஸுக்குள் கடுகளவு ரத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே சிவப்பாகப் பரவியது. இன்றைக்கும் கிளவுஸ் மாட்டினால் முதலில் அந்த விரலைத்தான் பார்க்கிறேன்.

சோப்புப் போட்டுக் குழாயில் கழுவிவிட்டுப் பொறுப்பில் இருந்தவரிடம் போனேன். "நோயாளியோட ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். ரிசல்ட் வர மறுநாள் ஆகும். நான் காத்திருக்கவில்லை. பஸ் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் அன்றே ஹெச்ஐவி வராமல் தடுக்கும் மாத்திரையைத் தொடங்கினேன். 28 நாள் விடாமல் போட்டேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

அப்போது அங்கிருந்த கவுன்சலிங் அக்கா, "72 மணி நேரத்துக்குள்ள வரணும், ஆனா எவ்வளவு சீக்கிரம் வர்றீங்களோ அவ்வளவு நல்லது. இதெல்லாம் குரங்குகிட்ட கத்துக்கிட்டது கண்ணு" என்றார். அந்த வார்த்தை போகவே இல்லை. போன வாரம் ஒரு பயிற்சி வகுப்பில், குரங்கு வைரஸையும் ஹெச்ஐவியையும் சேர்த்து ஒரு கலப்பு வைரஸ் செய்து குரங்குக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார்கள். ஏன் கலக்க வேண்டும்? ஹெச்ஐவியையே கொடுத்துப் பார்க்க முடியாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வைரஸ்_மாணவன்
ஞாயிறு காலை 8.15

அக்கா, நான் கொழிஞ்சாம்பாறைதான், இப்போது ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஹெச்ஐவியை ரீசஸ் குரங்கின் உடம்பில் செலுத்தினால் அது வேர் பிடிக்காது.

காரணம் 2004ல்தான் தெளிவாகத் தெரிந்தது. பாஸ்டனில் ஜோசப் சொட்ராஸ்கியின் குழு ரீசஸ் குரங்கின் உயிரணுவுக்குள் டிரிம்5 ஆல்ஃபா என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. ஹெச்ஐவி உள்ளே நுழைந்ததும் அதன் மையக்கூட்டை இந்தப் புரதம் அடையாளம் கண்டு, மரபுப்பொருள் நகலெடுக்கப்படும் முன்பே மடக்கிவிடுகிறது. மனிதனிடமும் டிரிம்5 இருக்கிறது, ஆனால் அது ஹெச்ஐவியைச் சரியாகப் பிடிப்பதில்லை. இன்னொரு காவலும் உண்டு. அபோபெக்3ஜி என்ற புரதம் வைரஸின் மரபெழுத்துகளைக் கண்டபடி மாற்றிக் கெடுத்துவிடும். ஹெச்ஐவியிடம் அதை ஒழிக்க விஃப் என்ற ஆயுதம் இருக்கிறது, ஆனால் அது மனிதனின் அபோபெக்குக்குத் தோதானது. ரீசஸிடம் செல்லாது.

குரங்குகளின் சொந்த வைரஸான எஸ்ஐவிக்கு இந்தக் காவல்களைத் தாண்டத் தெரியும். 1985ல் அமெரிக்காவில் நோயுற்ற ரீசஸ் குரங்குகளிடம் அதைப் பிரித்தெடுத்தார்கள். எய்ட்ஸ் போலவே நோய் வரும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான சிடி4 இறங்கும். ஆனால் எஸ்ஐவியின் வெளித்தோல் வேறு, ஹெச்ஐவியின் வெளித்தோல் வேறு. ஹெச்ஐவிக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், எஸ்ஐவியைத் தொடாது. தடுப்பூசி, ஆன்டிபாடி என்று எதைச் சோதிக்கவும் அந்த வெளித்தோல்தான் வேண்டும்.

அதனால்தான் 1991, 1992ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எஸ்ஐவியின் உள்பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வெளித்தோலுக்கான என்வ் மரபணுவையும் கூடவே டாட், ரெவ் போன்ற சிறியவற்றையும் ஹெச்ஐவியிடமிருந்து எடுத்து ஒட்டினார்கள். எழுதும்போது எஸ்ஹெச்ஐவி, பேச்சில் 'ஷிவ்'.


முதலமடை_மாந்தோப்பு
ஞாயிறு காலை 9.02

தம்பி சொல்வது எங்கள் தோப்பு வேலைதான். நாட்டு மாங்கொட்டையை முளைக்கவிட்டு, தண்டு பென்சில் கனத்துக்கு வந்ததும் பங்கனப்பள்ளிக் குச்சியைச் சீவிச் சொருகிக் கட்டுவோம். வேர் நாட்டுமா, மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மேலே காய்ப்பது பங்கனப்பள்ளி. இங்கே குரங்கு உடம்புதான் மண். எஸ்ஐவி வேர், ஹெச்ஐவி காய். சரியா?


வைரஸ்_மாணவன்
ஞாயிறு காலை 9.20

இதைவிட நன்றாக எங்கள் வகுப்பில்கூடச் சொன்னதில்லை அண்ணா.


வேலந்தாவளம்_லாரிக்காரர்_மகன்
ஞாயிறு காலை 10.45

எனக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது. அமெரிக்க லேபில் குரங்கு வைரஸையும் மனித வைரஸையும் கலந்ததால்தான் எய்ட்ஸே பிறந்தது என்று. இங்கே நீங்களும் கலந்தார்கள் என்றுதானே சொல்கிறீர்கள்? சண்டைக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இந்த நோய் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.


சித்தூர்_டீச்சர்
ஞாயிறு பகல் 12.10

தம்பி, கேட்டது நல்லது. இங்கே சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராக்காரர்கள் குழம்ப வேண்டாம். தமிழ் வழியில் விலங்கியல் எடுக்கிறேன். பிள்ளைகளும் இதே ஃபார்வர்டைக் கொண்டுவருகிறார்கள்.

வருடங்களை வரிசையாக வைத்துப் பார். ஹெச்ஐவி-1 சிம்பன்சியிடமிருந்து வந்தது. தென்கிழக்குக் கேமரூன் காட்டுச் சிம்பன்சிகளின் வைரஸ்தான் அதற்கு மிக நெருங்கிய உறவு என்பது 2006ல் உறுதியானது. மனிதனிடம் தாவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வாக்கில். வேட்டையாடி இறைச்சி அறுக்கும்போது ரத்தம் பட்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் சேகரித்த ரத்தத்தில் இந்தியாவின் முதல் ஹெச்ஐவி தெரிந்தது 1986ல், பரிசோதனை நடந்தது வேலூரில். ஷிவ் உருவானதோ 1991ல். நோய் நம் நாட்டுக்கே வந்து ஐந்து வருடம் கழித்து உருவானது அந்த நோய்க்குக் காரணமாக இருக்க முடியாது.

அப்புறம் ஒன்று. மலம்புழா அணைப் பூங்காவில் பொட்டலத்தைப் பறிக்கும் நம் குல்லாய்க் குரங்குக்கோ, வடக்கே இருக்கும் ரீசஸுக்கோ இயற்கையில் எஸ்ஐவி கிடையாது. அது ஆப்பிரிக்கக் குரங்குகளின் சொத்து. அமெரிக்கக் கூண்டுகளில் ஆப்பிரிக்க மாங்கபேக் குரங்கின் வைரஸ் ரீசஸுக்குத் தொற்றியதுதான் கதை. மாங்கபேக்கு அதே வைரஸ் இருந்தும் நோய் வருவதில்லை, ரீசஸ் செத்துப்போகிறது. மலம்புழாவில் குரங்கு கடித்தால் ஹெச்ஐவி பயம் வேண்டாம். சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு வெறிநாய்க்கடி ஊசிக்கு ஓடு. அது நிஜமான ஆபத்து.


நெல்லியாம்பதி_வாட்சர்
ஞாயிறு மாலை 4.30

எல்லாம் சரிங்க. யாரும் குரங்கைப் பற்றிப் பேசவில்லையே.

நான் பதினாறு வருடமாகக் காட்டில் நடக்கிறவன். சிங்கவால் குரங்குக் கூட்டத்தை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு தாய்க்குரங்கு செத்த குட்டியை மூன்று நாள் தூக்கிக்கொண்டு திரிந்தது. கிளை தாவும்போது ஒரு கையால் குட்டியின் தலை அடிபடாமல் பிடித்துக்கொள்ளும். உயிர் இல்லை என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டதா, தெரியாமலா, எனக்குச் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட பிராணியைக் கூண்டில் வைத்து நோயை ஏற்றுகிறார்கள். அதற்கு நாம் மாம்பழம், ஒட்டு என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு மனசு ஒப்பவில்லை.


செவிலி_கொழிஞ்சாம்பாறை
ஞாயிறு மாலை 5.05

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். என் விரலுக்கு அந்த 28 நாளைக் கொடுத்தது அப்படி ஒரு பிராணி என்றால், அது எப்படிக் கொடுத்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது என்றுதான் கேட்கவே வந்தேன். அந்த 72, 28 கணக்கு எங்கிருந்து வந்தது என்று மாணவத் தம்பி சொல்லுங்கள்.


வைரஸ்_மாணவன்
ஞாயிறு இரவு 7.50

அது ஷிவ் இல்லை அக்கா, தனி எஸ்ஐவி. 1995ல் வாஷிங்டன் மாநிலத்தில் சாய் என்பவரின் குழு, இன்று நாம் டெனோஃபோவிர் என்று சொல்லும் மருந்தைக் குரங்குகளுக்குக் கொடுத்து எஸ்ஐவி தொற்றைத் தடுத்துக் காட்டியது. 1998ல் அதே குழு மணிக்கணக்கையும் நாள்கணக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. வைரஸ் ஏறிய 24 மணி நேரத்தில் தொடங்கி 28 நாள் கொடுத்தவை எல்லாம் தப்பின. தொடக்கம் 48, 72 மணி என்று தள்ளத் தள்ளப் பாதுகாப்பு குறைந்தது. 3 நாள், 10 நாளில் நிறுத்தியபோதும் குறைந்தது. மனிதர்களிடம் இப்படி ஒரு சோதனையை யாராலும் செய்ய முடியாது. ஊசி குத்தியவரிடம் "நீங்கள் மூன்று நாள் கழித்துத் தொடங்குங்கள், என்ன ஆகிறது பார்ப்போம்" என்று எவன் சொல்வான்?

உங்கள் பழைய இடத்தில் காத்திருக்கச் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்தே தெரியும். முதலில் தொடங்க வேண்டும், ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு வேண்டுமானால் நிறுத்தலாம்.

எஸ்ஐவியால் முடியாத இடத்தில்தான் ஒட்டு வருகிறது. நெவிராபின், எஃபாவிரென்ஸ் வகை மருந்துகள் எஸ்ஐவியின் மரபுப்பொருளை நகலெடுக்கும் நொதியில் ஒட்டாது. அதனால் அந்த நொதியை மட்டும் ஹெச்ஐவியிடமிருந்து எடுத்து வைத்து ஆர்டி-ஷிவ் என்று ஒன்று செய்தார்கள். எந்தக் கேள்வியோ அதற்கேற்ற இடத்தில் ஒட்டு.

வாட்சர் அண்ணாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? லேபுக்குள் போகும்போதெல்லாம் அது எனக்குள்ளும் இருக்கிறது.


முதலமடை_மாந்தோப்பு
ஞாயிறு இரவு 9.30

ஒரு சந்தேகம் தம்பி. ஒட்டுமரத்தில் பழத்துக்கு வரும் பூச்சியைப் பார்த்துப் பங்கனப்பள்ளியைப் பற்றிப் பேசலாம். வேர் அழுகுவதைப் பார்த்துப் பேசக் கூடாது, ஏனென்றால் வேர் பங்கனப்பள்ளியே இல்லை. இந்தத் தப்பை லேபில் யாரும் செய்யவில்லையா?


வைரஸ்_மாணவன்
திங்கள் காலை 7.10

செய்தார்கள் அண்ணா. இதை நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் துறை பட்ட பெரிய அடி இதுதான்.

முதலில் செய்த ஷிவ்கள் குரங்கிடம் பலவீனமாக இருந்தன. அதனால் ஒரு குரங்கின் ரத்தத்தை அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று ஏற்றி ஏற்றி வைரஸைப் பழக்கினார்கள். அப்படி வந்த ஒன்றின் பெயர் ஷிவ்-89.6பி. பயங்கரமானது. சில வாரங்களிலேயே சிடி4 அணுக்கள் துடைத்தெடுத்ததுபோல் காணாமல் போகும். பார்க்க எய்ட்ஸேதான். ஆனால் இரண்டு வித்தியாசம். மனிதர்களிடையே பரவும் ஹெச்ஐவி பெரும்பாலும் சிடி4 கூடவே சிசிஆர்5 என்ற கதவைப் பிடித்துத்தான் அணுவுக்குள் போகும். 89.6பி சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு கதவு வழியாகப் போனது. அழித்த அணுக்களும் வேறு வகை. இரண்டாவது, அது வேகமாகக் கொல்லுமே தவிர, உடம்பு கொஞ்சம் எதிர்த்தால் அடங்கிவிடும்.

2002ல் அடினோவைரஸ் என்ற சளி வைரஸ் மேல் எஸ்ஐவியின் காக் மரபணுவை ஏற்றிச் செய்த தடுப்பூசியைக் குரங்குகளுக்குப் போட்டு, பிறகு 89.6பி கொடுத்தார்கள். தொற்று வந்தாலும் குரங்குகள் வைரஸை அடக்கி நன்றாக இருந்தன. எல்லோருக்கும் நம்பிக்கை. ஆனால் காக் என்பது வேர்ப்பாகம், நீங்கள் சொன்ன அதே இடம். அடங்கியதோ எளிதில் அடங்கும் வைரஸ். பிறகு எஸ்ஐவியின் முரட்டு வகைக்கு எதிராக இதே மாதிரித் தடுப்பூசியைச் சோதித்தபோது பெரிதாகப் பயன் இல்லை. அதற்குள் மனிதர்களிடம் ஹெச்ஐவியின் காக், போல், நெஃப் மரபணுக்களை வைத்து ஸ்டெப் என்ற சோதனை தொடங்கியிருந்தது, சுமார் 3,000 தன்னார்வலர்கள். 2007 செப்டம்பரில் நிறுத்தினார்கள். தடுப்பூசி தொற்றைத் தடுக்கவில்லை, வைரஸ் அளவையும் குறைக்கவில்லை. சில பிரிவினரிடம் தொற்று கூடுதலாகவே தெரிந்தது.

அதன் பிறகு 89.6பியை ஓரம் கட்டிவிட்டார்கள். சிசிஆர்5 வழியாகப் போகும் எஸ்எஃப்162பி3, ஏடி8 போன்ற ஷிவ்கள் முன்னுக்கு வந்தன. அவற்றிலும் ஒரு குறை இருந்தது. மனிதனிடமிருந்து எடுத்த என்வை நேரே ஒட்டினால் குரங்கின் சிடி4 அணுவைச் சரியாகப் பிடிக்காது, பழக்க வேண்டியிருக்கும். பழக்கினால் அது பழைய ஹெச்ஐவியாக இருக்காது. 2016ல் பென்சில்வேனியாவில் ஜார்ஜ் ஷாவின் குழு இதற்கு வழி கண்டது. என்வில் 375ஆவது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் போதும், குரங்கின் சிடி4ஐப் பிடித்துக்கொள்ளும், மற்றபடி என்வின் குணம் கெடுவதில்லை. எத்தனையோ வருடம் ரத்தம் மாற்றி மாற்றிச் செய்ததை ஓர் எழுத்து செய்துவிட்டது. இனிமேல் அத்தனை குரங்குகள் அந்தப் பழக்கும் வேலைக்குத் தேவையில்லை. வாட்சர் அண்ணா இதையும் கவனிக்க வேண்டும்.


முதலமடை_மாந்தோப்பு
திங்கள் காலை 7.45

குச்சி தேர்வு தப்பினால் ஐந்து வருடம் கழித்துக் காய்க்கும்போதுதான் தெரியும். அதுவரை தண்ணீர் விட்டது வீண். புரிகிறது.


சித்தூர்_டீச்சர்
திங்கள் மதியம் 1.20

இடைவேளையில் எழுதுகிறேன். ஷிவ் சரியாகச் சொன்னதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். 2014ல் கேபோடெக்ராவிர் என்ற நீண்டநாள் ஊசியைக் குரங்குகளுக்குப் போட்டு எஸ்எஃப்162பி3 ஷிவ்வை வாராவாரம் கொடுத்தார்கள். ஊசி போட்ட 8 குரங்குக்கும் தொற்று வரவில்லை. போடாத 8க்கும் வந்தது. அந்த மருந்து பின்னால் மனிதர்களிடமும் வேலை செய்தது. 2021 இறுதியில் அமெரிக்காவில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் தடுப்பு ஊசியாக அனுமதி கிடைத்தது.

ஆன்டிபாடியில் கதை பாதி பாதி. 2000 வாக்கிலேயே ஆன்டிபாடிகளை முன்கூட்டி ஏற்றினால் குரங்குக்கு ஷிவ் தொற்றுவதில்லை என்று காட்டிவிட்டார்கள். ஆனால் குரங்குக்குக் கொடுப்பது ஒரே ஒரு வகை ஷிவ், அதுவும் அந்த ஆன்டிபாடிக்கு மசியும் வகை. மனிதன் சந்திப்பதோ ஆயிரம் வகை. விஆர்சி01 ஆன்டிபாடியை மனிதர்களிடம் சோதித்த முடிவு 2021ல் வந்தபோது, மொத்தத்தில் தடுக்கவில்லை. ஆனால் அந்த ஆன்டிபாடிக்கு நன்றாக மசியும் வைரஸ்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 75 சதவீதம் தடுத்திருந்தது. குரங்கு சொன்னது பொய் இல்லை. குரங்கிடம் கேட்ட கேள்வி சிறியது.


நெல்லியாம்பதி_வாட்சர்
திங்கள் மாலை 6.15

டீச்சர், அந்தக் குரங்குகள் எங்கிருந்து வருகின்றன?


சித்தூர்_டீச்சர்
திங்கள் இரவு 8.00

உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். பெரும்பாலும் நம் நாட்டு ரீசஸின் வம்சம். 1950களில் போலியோ தடுப்பூசிக்காக இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேல் குரங்குகளை ஏற்றுமதி செய்தார்கள். மருத்துவத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையை மீறி ராணுவக் கதிர்வீச்சுச் சோதனைக்கும் பயன்படுத்தியது தெரியவந்ததால், மொரார்ஜி தேசாய் அரசு 1978ல் ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முன் போனவற்றின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன்கள் அமெரிக்காவின் ஆய்வு மையங்களில் வளர்கின்றன. எஸ்ஐவி ஆய்வில் சீன ரீசஸைவிட இந்திய ரீசஸையே அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் இந்திய வம்சத்தில் நோய் வேகமாக முற்றும், அவற்றின் எதிர்ப்பு மரபணுக்களும் நன்றாகப் படித்து வைக்கப்பட்டவை.


நெல்லியாம்பதி_வாட்சர்
திங்கள் இரவு 8.40

நன்றி டீச்சர். ஊர்க்காரப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்கிறேன். மருந்து வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், லாரித் தம்பி வீட்டில் நோய் இருக்கிறது. ஆனால் 89.6பியில் செத்தவை தப்பான கேள்விக்காகச் செத்தன. கூண்டில் வைப்பதற்கு முன் கேள்வி சரிதானா என்று நூறு முறை பார்க்க வேண்டும். இதை மட்டும் மாணவத் தம்பி உங்கள் லேபில் யாரிடமாவது சொல்லுங்கள்.


வைரஸ்_மாணவன்
திங்கள் இரவு 9.05

சொல்கிறேன் அண்ணா. இந்த வியாழக்கிழமை எங்கள் குழுக் கூட்டத்தில் நான்தான் பேச வேண்டும்.


வேலந்தாவளம்_லாரிக்காரர்_மகன்
திங்கள் இரவு 10.30

அப்பா கொச்சி லைன் ஓட்டியவர். வாளையாறு செக்போஸ்ட்டில் இரண்டு நாள், மூன்று நாள் வண்டி நிற்கும் காலம் அது. 2006லிருந்து மாத்திரை போடுகிறார். எதிர்வீட்டு அண்ணன் ஒரு செய்தி காட்டினார், கலப்பு வைரஸ் கொடுத்த குரங்குகளுக்கு ஆன்டிபாடி ஊசி போட்டதும் நோய் போய்விட்டது என்று. அப்பா அதைப் படித்துவிட்டு, "அப்ப நான் மாத்திரைய நிறுத்திப் பார்க்கட்டுமா" என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?


வைரஸ்_மாணவன்
திங்கள் இரவு 10.50

நிறுத்தவே கூடாது தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடு.

அந்தச் செய்தி உண்மைதான், 2017ல் வந்த ஆய்வு. 13 குரங்குகளுக்கு ஏடி8 ஷிவ் கொடுத்து, மூன்றாம் நாளே இரண்டு ஆன்டிபாடிகளை ஏற்றத் தொடங்கினார்கள், இரண்டு வாரம். ஆன்டிபாடி உடம்பை விட்டுப் போனதும் வைரஸ் தலைகாட்டியது. பிறகு 6 குரங்குகள் தாமாகவே அதை நீண்ட காலம் அடக்கி வைத்தன. ஆனால் வைரஸ் போய்விடவில்லை. அந்தக் குரங்குகளின் சிடி8 என்ற கொல்லி வெள்ளணுக்களை மருந்து கொடுத்து நீக்கிப் பார்த்தபோது வைரஸ் திரும்ப எழுந்தது. அதுவரை அதைப் பிடித்து வைத்திருந்தது அந்த அணுக்கள்தான்.

அவர்கள் தொடங்கியது மூன்றாம் நாள். அப்பாவுக்கு எத்தனை வருடம் ஆயிற்று? இத்தனை காலத்தில் வைரஸ் சிடி4 அணுக்களின் மரபுக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருக்கும். மாத்திரை இருக்கும்வரை எழாது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் எழுந்துவிடும், சில சமயம் மருந்துக்கு மசியாத வகையாகவும் எழும்.


செவிலி_கொழிஞ்சாம்பாறை
திங்கள் இரவு 11.10

கண்ணு, அப்பாவிடம் பயமுறுத்திச் சொல்லாதே. "இவ்வளவு வருடம் நீங்கள் விடாமல் போட்டதால்தான் அது தூங்குகிறது" என்று சொல். எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் விடவில்லை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் அளவு, எப்போது பார்த்தார்கள்? வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் 1097க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள்.


வேலந்தாவளம்_லாரிக்காரர்_மகன்
செவ்வாய் காலை 6.20

நேற்று ராத்திரியே வாசித்துக் காட்டினேன் அக்கா. குரங்குக் கதை முழுவதையும் கேட்டார். நாட்டுமா வேர் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்கச் சொன்னார். வாட்சர் அண்ணா எழுதிய குட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய் டப்பாவைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார். வைரல் லோடு போன மார்ச்சில் பார்த்தது. வியாழக்கிழமை மாத்திரை வாங்கும் நாள், நானும் கூடப் போகிறேன், அங்கே கேட்டுவிட்டு எழுதுகிறேன்.